என்னை மறுபடியும் நிற்கச் சொல்லும் வார்டுக்காரர்களுக்கு

மூன்றாவது வார்டுக்காரர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழெட்டுப் பேராக என் வீட்டு வாசலுக்கு வந்தீர்கள். வந்தவர்களில் பாதிப் பேர் தைக்கக் கொடுத்த துணியைத் திரும்ப வாங்காமல் வைத்திருப்பவர்கள். அதனால் துணி கேட்டுத்தான் வந்திருக்கிறீர்கள் என்று முதலில் நினைத்துவிட்டேன். "தேர்தல் எப்ப வந்தாலும் நீதாம்மா நிக்கணும்" என்று பெரிய மாமா ஆரம்பித்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உடனே அவர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்து, "பாத்தீங்களா, இதான் வேணும். ஆசைப்படாத ஆளுதான் நமக்கு வேணும்" என்றார். எல்லோரும் தலையாட்டினீர்கள். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. நீங்கள் போன பிறகுதான் அந்தப் பேச்சு உறுத்த ஆரம்பித்தது.

வாசலிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் போன தடவையும் எல்லாம் இதே வாசலில், பத்து நிமிடத்தில், நாலு பேர் முன்னால் முடிந்தது. இந்தத் தடவை எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதிவிடுவது நல்லது.

முதலில் 2019 டிசம்பர் ஊராட்சித் தேர்தலில் நடந்தது என்ன என்று நினைவுபடுத்துகிறேன். உங்களில் சிலர் அதை வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள்.

முந்தைய ஊராட்சிகளின் காலம் 2016 அக்டோபரில் முடிந்து, மூன்று வருடத்துக்கு மேல் அரசு நியமித்த தனி அலுவலர்தான் எல்லாம் என்று இருந்தது. திடீரென்று தேர்தல் என்றார்கள். பெண்களுக்கான ஒதுக்கீட்டை 33 விழுக்காட்டிலிருந்து 50 விழுக்காடாக உயர்த்தி 2016-இல் சட்டம் வந்திருந்தது. அது ஊராட்சித் தேர்தலில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது அப்போதுதான். நம் வார்டு பெண்கள் வார்டு ஆனது. அதுவரை தயாராக இருந்த இரண்டு அண்ணன்மாரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் வீட்டு அண்ணி "எனக்கு இந்த வம்பே வேண்டாம்" என்று அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். இன்னொருவர் மனைவியின் பெயர் நம் ஊர் வாக்காளர் பட்டியலிலேயே இல்லை. அப்புறம் மூன்று வீடு ஏறி இறங்கிவிட்டு நாலாவதாக என்னிடம் வந்தீர்கள். தையல் மெஷினுக்கு எதிரில் நின்றுகொண்டு, "டெய்லர் அக்கான்னா எல்லா வீட்டுக்கும் தெரியும், சண்டை வராது" என்றீர்கள். அதுதான் என் தகுதி. வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஊராட்சி வார்டுக்கு அப்போது டெபாசிட் 200 ரூபாய். அதைக்கூட நான் கட்டவில்லை. பத்தும் இருபதுமாக நீங்களே தெருவில் வசூலித்துக் கொண்டுவந்து தந்தீர்கள். எதிர்த்து யாரும் மனுப் போடவில்லை. வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள் என்று நாலு நிறத்தில் வாக்குச்சீட்டு என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நம் வார்டுக்கு மட்டும் மூன்று நிறம்தான் வந்தது. வெள்ளைச் சீட்டு அச்சாகவே இல்லை. எனக்காக ஒரு சீட்டுகூடப் பெட்டியில் விழாமல் நான் மெம்பர் ஆனேன். சண்டை சச்சரவில்லாமல் முடிந்தது என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

2020 ஜனவரி 6-ஆம் தேதி உறுதிமொழி எடுத்தேன். அன்றைக்கு என் வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டு வந்தார். ஆபீஸில் எல்லோரும் அவருக்குத்தான் கை கொடுத்தார்கள். அவர் பாவம், கூச்சப்பட்டுக்கொண்டு என் பக்கம் கையைக் காட்டினார். ஐந்து நாள் கழித்துத் துணைத் தலைவர் தேர்தல். அதில் ஊர்க்காரர்களுக்கு ஓட்டு இல்லை, எங்களைப் போன்ற வார்டு உறுப்பினர்களின் ஓட்டுதான் முக்கியம். அந்த ஐந்து நாளும் எனக்குக் கிடைத்த மரியாதை என் கல்யாணத்தன்றுகூடக் கிடைத்ததில்லை. ராத்திரி பத்து மணிக்குக் கார் வருகிறது, "தங்கச்சி சௌக்கியமா" என்கிறார்கள். பன்னிரண்டாம் தேதியிலிருந்து யாருமே வரவில்லை.

அப்புறம் நீங்கள் வர ஆரம்பித்தீர்கள். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, முதியோர் உதவித்தொகைக்கு, பட்டா மாற்ற, மருமகள் கோபித்துக்கொண்டு போனதற்கு. இதில் எதுவும் ஊராட்சியின் கையில் இல்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் போக வேண்டியது, தாலுகா ஆபீஸுக்குப் போக வேண்டியது என்று எனக்கே ஆறு மாதம் கழித்துத்தான் புரிந்தது. ஊராட்சி பார்க்க வேண்டியது குடிதண்ணீர், தெருவிளக்கு, குப்பை, வடிகால், ஊருக்குள் போகிற பாதை. வார்டு மெம்பருக்கென்று தனியாக நிதி ஒரு பைசா கிடையாது. எனக்கு இருந்தது இரண்டுதான்: கூட்டத்தில் கேள்வி கேட்கிற உரிமை, தீர்மானப் புத்தகத்தில் ஒரு கையெழுத்து. கேள்வி கேட்பதற்குப் படித்துவிட்டுப் போக வேண்டும். கையெழுத்துக்கு அதெல்லாம் வேண்டாம்.

இப்போது சொல்லப்போவதைத்தான் நேரில் சொல்ல எனக்கு நா எழவில்லை.

2021-இல் ஒரு நாள், பள்ளிக்கூட யூனிஃபார்ம் ஆர்டர் குவிந்து கிடந்த நேரம். தீர்மானப் புத்தகம் வீடு தேடி வந்தது. "நீங்க ஒருத்தர்தான் பாக்கி, எல்லாரும் போட்டுட்டாங்க" என்றார் கொண்டுவந்தவர். கூட்டத்துக்கு நான் போகவில்லை. அப்படியொரு கூட்டம் நடந்ததா என்பதுகூட எனக்குத் தெரியாது. ஒரு கையால் துணியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் போட்டுக் கொடுத்தேன். அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்பது ஏழு மாதம் கழித்துத் தெரிந்தது. நம் தெருவின் கடைசி நாலு வீட்டுக்குத் தண்ணீர் ஏறாமல் இருந்ததே, அந்த கேட் வால்வை மாற்றிப் பைப் லைனைச் சரிசெய்ததாகவும் அதற்கான செலவை அங்கீகரிப்பதாகவும் தீர்மானம். வால்வு மாறவில்லை. நாலு வீட்டிலும் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குத்தான் நடந்துகொண்டிருந்தார்கள். அதை யார் எழுதினார்கள், பணம் எங்கே போனது என்பதை மனுவாக எழுதிக் கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்துவிட்டேன். அதை இங்கே பேசப்போவதில்லை. கையெழுத்து என்னுடையது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

கடைசி வீட்டு ஆத்தா ஒரு நாள் குடத்தை என் வாசலில் இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார். எனக்கு வாயில் வந்த பதில் இது: "நானா கேட்டு வந்தேன் ஆத்தா? நீங்கதானே நிக்கச் சொன்னீங்க?"

அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, "நீயுங் கேக்கல. நாங்களும் ஒனக்கு ஓட்டுப் போடல. அப்ப இந்தத் தண்ணிய நான் யாருகிட்டத்தா கேக்குறது?" என்றார்.

அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால், அந்த இரண்டு வருடத்தில் அதே பதிலை நான் வேறு வேறு விதமாக எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! கூட்டத்துக்கு ஏன் போகவில்லை என்றால், எனக்கு இதெல்லாம் ஆசையா என்ன. தெருவிளக்கு ஏன் எரியவில்லை என்றால், வேறு யாரையாவது நிறுத்தியிருக்கலாமே. விருப்பமில்லாமல் வந்தவள் என்பதைக் குடை மாதிரி பிடித்துக்கொண்டே நடந்திருக்கிறேன். நீங்களும் அதே குடைக்குள்தான் நின்றீர்கள். "பாவம், அந்தப் பொண்ணு வேண்டாம்னுதான் சொல்லிச்சு, நாமதான் தள்ளிவிட்டோம்" என்று என்னைத் தட்டிக் கேட்காமல் விட்டீர்கள். ஆசைப்பட்டு, வீடு வீடாக வந்து, காலில் விழுந்து ஓட்டு வாங்கிய ஒருத்தர் இதே கையெழுத்தைப் போட்டிருந்தால் தெருவே திரண்டிருக்கும் இல்லையா?

பெரிய மாமா சொன்னது எனக்கு உறுத்தியது இதனால்தான். ஆசைப்படாததை ஒரு நல்ல குணம் மாதிரி சொல்கிறார். என் விஷயத்தில் அது பாதி சோம்பல், பாதி பயம். கூட்டத்தில் தப்பாக எதையாவது பேசிவிட்டால் சிரிப்பார்களே என்கிற சாதாரணப் பயம்.

பயம் என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவியை 1996-இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கினார்கள். நிற்கவே ஆட்கள் அஞ்சினார்கள். மனுப் போட்டவர்கள் மிரட்டலால் வாபஸ் வாங்கினார்கள். எல்லாவற்றையும் மீறி நின்று ஜெயித்துத் தலைவரான முருகேசனையும் அவரோடு இருந்த ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தில் வந்துகொண்டிருந்தபோது வெட்டிக் கொன்றார்கள். இதேபோல ஒதுக்கிய பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் பக்கம் பத்து வருடம், 2006 வரைக்கும், தேர்தலை நடக்கவே விடவில்லை. அப்படியே நடந்தாலும் ஜெயித்தவரைப் பதவி விலக வைத்தார்கள். "எனக்கு இந்தப் பதவி வேண்டாம்" என்று அந்த ஊர்களில் ஒருவர் சொன்னதும், தையல் வேலை கெடுகிறது என்று நான் சொன்னதும் ஒன்றாகுமா? எனக்கு வேண்டாம் என்று சொல்கிற சௌகரியம் இருந்தது. அந்தச் சௌகரியத்துக்காக நீங்கள் என்னைப் பாராட்டுவது கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

சரி, அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். பெரிதாக ஒன்றும் இல்லை.

2022 மே 1 கிராம சபை. நம் ஊர் மக்கள்தொகை மூவாயிரத்துக்குள் வருவதால் 100 பேர் இருந்தால்தான் அது சபை. அன்று வந்தவர்களில் பெரும்பாலோர் நூறு நாள் வேலைக்காரர்கள். வராவிட்டால் வேலை கிடைக்காது என்று யாரோ சொல்லிவிட்டதால் வந்து, மரத்தடியில் உட்கார்ந்து, நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் தெருவிலிருந்து ஆறு பேர். எண்ணினேன். வரவு செலவை வேகமாகப் படித்துக்கொண்டே போனார்கள். நான் எழுந்து, அந்தப் பழைய தீர்மானத்தை மறுபடி படிக்கச் சொன்னேன். படித்தார்கள். "இதுல இருக்கற கையெழுத்து என்னுது. படிக்காம போட்டேன். அந்த வேலை நடக்கல" என்றேன். கால் நடுங்கியது. யாரும் சிரிக்கவில்லை. கடைசி வீட்டு ஆத்தாதான் பின்னால் இருந்து, "அத இன்னொருக்கா சத்தமாச் சொல்லுத்தா, இங்க கேக்கல" என்றார்.

வால்வு மாற ஐந்து மாதம் ஆனது. நீங்கள் மெச்சிக்கொள்கிற "டெய்லர் அக்கா கொண்டுவந்த தண்ணி" அதுதான். நான் கொண்டுவரவில்லை. நான் ஒழுங்காகப் படித்திருந்தால் ஒரு வருடம் முன்னாலேயே வந்திருக்கும்.

அப்புறம் புத்தகம் வீட்டுக்கு வந்தால் கையெழுத்து இல்லை, கூட்டத்தில்தான் என்று சொல்லிவிட்டேன். முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு பழகிவிட்டது. மேல்நிலைத் தொட்டியில் சுத்தம் செய்த தேதி எழுதியிருக்கும் இல்லையா, அது பல மாதமாக ஒரே தேதியாகவே இருந்தது. டேங்க் ஆபரேட்டர் தம்பியிடம், கழுவும்போது ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள், கூட்டத்தில் காட்டுகிறேன் என்றேன். அவனுக்கே அது பிடித்துப்போனது. தன் வேலையை யாராவது பார்க்கிறார்கள் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? அதிலிருந்து தேதி ஒழுங்காக மாறியது. என் ஐந்து வருடத்தில் நான் மனசாரச் சந்தோஷப்பட்ட ஒரு விஷயம் அந்தப் பெயிண்ட் எழுத்துதான்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாவது வருடத்திலிருந்து எனக்கு அந்த வேலை பிடித்துப்போனது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நாலாக இருந்த கிராம சபையை 2022-இல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்து ஆறாக ஆக்கினார்கள். அந்த ஆறு நாளையும் காலண்டரில் வட்டம் போட்டு வைத்தேன். ஆனால் வெளியே மட்டும், "ஐயோ, எப்படா முடியும்னு இருக்கு" என்று சொல்லிக்கொண்டே திரிந்தேன். ஆசை இருக்கிறது என்று சொன்னால் நீங்கள் ஒரு மாதிரி பார்ப்பீர்கள். 2025 ஜனவரி 5-ஆம் தேதி பதவிக்காலம் முடிந்து மறுபடி தனி அலுவலர் வந்தபோது, "அப்பாடா" என்று உங்கள் முன்னால் சொல்லிவிட்டு, வீட்டுக்குள் போய்க் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

உள்ளாட்சி நாள் என்றால் மேடையில் தவறாமல் உத்திரமேரூரைச் சொல்வார்கள். பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், குடவோலை, குடத்துக்குள் பெயர் எழுதிய ஓலை, சின்னப் பையன் எடுத்துக் கொடுப்பது என்று. கேட்கும்போதெல்லாம் நீங்கள் என்னை மெம்பராக்கியதும் கிட்டத்தட்ட அப்படித்தான் என்று சிரிப்பு வரும். குடத்தில் ஒரே ஓலை, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அதே கல்வெட்டில் இருக்கிற இன்னொன்றை யாரும் மைக்கில் சொல்வதில்லை. முன்பு பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவரின் பெயர் குடத்துக்குள் போகக் கூடாது. அவருடைய நெருங்கிய சொந்தக்காரர்கள் பெயரும் போகக் கூடாது. நிலம், வீடு, வேதப் படிப்பு என்று கேட்கிற அந்த விதிப்படி நம் தெருவில் ஒருவர் பெயரும் உள்ளே போயிருக்காது, பெண்களுக்கு இடமே கிடையாது, அது வேறு கதை. கணக்கு விஷயத்தில் மட்டும் ஆயிரம் வருடத்துக்கு முந்தியவர்கள் நம்மைவிடக் கறாராக இருந்திருக்கிறார்கள்.

இனி என் பதில்.

நம் தெருவில் ஒரு பெண் இருக்கிறாள். யார் என்று உங்களுக்குத் தெரியும், பெயர் வேண்டாம். காலேஜ் முடித்தவள். ஊராட்சிச் சட்டம் 1994-ஐ எங்கிருந்தோ தமிழில் தேடி எடுத்துப் படித்துவிட்டு என்னிடமே வந்து சந்தேகம் கேட்டவள். எனக்குப் பாதி புரியவில்லை. "நான் நிக்கறேன்" என்று தானாக வாய்விட்டுச் சொன்னவள் இந்தத் தெருவிலேயே அவள் ஒருத்திதான். அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்? "இந்த வயசுல பதவி ஆசையைப் பாரு." ஆசையில்லாத என்னைத் தேடி ஏழெட்டுப் பேராக வந்தது அதற்கப்புறம்தான் என்றும் எனக்குத் தெரியும். அவளை அடக்குவதற்கு என்னுடைய வேண்டாமை உங்களுக்குத் தேவைப்படுகிறது. அதற்கு நான் ஆள் கிடையாது.

அவள் மனுப் போட்டால் முன்மொழிகிற கையெழுத்து என்னுடையது. இந்தத் தடவை படித்துப் பார்த்துத்தான் போடுவேன். அவள் நல்ல மெம்பராக இருப்பாள் என்று உத்தரவாதமெல்லாம் தர மாட்டேன். கொஞ்சம் அவசரக்காரி, பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசுவாள். ஆனால் தண்ணீர் வராவிட்டால், "நானா கேட்டு வந்தேன்" என்று அவளால் சொல்ல முடியாது. எனக்கு அது ஒன்று போதும்.

உங்களில் யாருக்காவது அவளைப் பிடிக்கவில்லை என்றால் எதிர்த்து நில்லுங்கள். அண்ணிமார் யாராவது நில்லுங்கள், வீட்டுக்காரர் சொன்னார் என்பதற்காக இல்லாமல். ஒருமனதாக முடித்துவிடலாம் என்று மட்டும் தயவுசெய்து கூட்டம் போட வேண்டாம். நம் வார்டுக்கும் வெள்ளைச் சீட்டு வரட்டும். கடைசி வீட்டு ஆத்தாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. தன் வார்டு மெம்பருக்கு ஒரு தடவையாவது முத்திரை குத்திவிட வேண்டும் என்கிறார்.

போட்டியில்லாமல் ஜெயித்தவர்களுக்கு டெபாசிட் திரும்பக் கிடைக்கும். நீங்கள் வசூல் செய்து கொடுத்த 200 ரூபாய் 2020-லேயே எனக்குத் திரும்பி வந்துவிட்டது. யார் யார் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று தெரியாததால் பிரித்துத் தர முடியவில்லை. செலவு செய்யவும் மனசு வரவில்லை. தையல் மெஷின் டிராயரில், பாபின் டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. நிற்க ஆசைப்படுகிறவர் யாராக இருந்தாலும் வந்து வாங்கிக்கொள்ளலாம். வந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான். அப்படியே தைத்து வைத்திருக்கிற துணிகளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
மூன்றாவது வார்டு முன்னாள் உறுப்பினர்